காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

ஜூன் 19, திங்கள்

மெர்லின் மேடம் இன்று அணியில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். "தினமும் என்ன பயிற்சி செஞ்சீங்க, எங்க தப்பு விட்டீங்க, எல்லாத்தையும் எழுதணும். மாசக் கடைசியில வாங்கிப் பாப்பேன்" என்றார். பார்க்கமாட்டார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். அதனால் எனக்குத் தோன்றியதை எழுதலாம்.

பெயர் உலகம்மாள். ஊர் சுரண்டை. பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. வாலிபால் அணியில் செட்டர். எங்கிருந்து பந்து வந்தாலும் ஓடிப்போய் அதை வலைக்கு மேலே பதமாகத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அதை அடித்து இறக்குவது இன்னொருத்தியின் வேலை. கைதட்டல் இறக்குகிறவளுக்கு.

எங்கள் அணியில் இறக்குகிறவள் சகாய ஜெனிட்டா. ஐந்தடி பதினொரு அங்குலம். பெரியதாழைப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். இவளுக்குக் கீழே மூன்று தங்கச்சிகள். என் வகுப்பு, என் விடுதி அறை, என் பக்கத்துக் கட்டில். இன்றைய பயிற்சி: ஓட்டம், சர்வீஸ், நூறு செட்.

ஜூலை 11, செவ்வாய்

ஜெனிட்டாவின் ரெக்கார்டு நோட்டில் ஆறு சோதனைகள் எழுதிக் கொடுத்தேன். படம் வரைந்து, அட்டவணை போட்டு, என்னுடையதைவிட நன்றாகவே வந்துவிட்டது. அவள் மாவட்ட அணி முகாமில் இருக்கிறாள். முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான். மெர்லின் மேடம்தான் ஆரம்பித்து வைத்தார். "நீயும் அவளும் ஒரே கிளாஸ். கொஞ்சம் பாத்துக்கோ." பார்த்துக்கொள்கிறேன். இது மூன்றாவது வருஷம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

உள்தேர்வு மதிப்பெண் வந்தது. கனிம வேதியியலில் ஐம்பதுக்கு ஜெனிட்டா நாற்பத்தாறு. நான் நாற்பது.

முகாமிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் படித்தாள். என் நோட்டைத்தான் படித்தாள். பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்: "ஏளா உலகு, உன் நோட்டு இல்லைன்னா நான் செத்தேன்!" கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து அரை அடி தூக்கிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துறைத்தலைவர் ஞானசௌந்தரி மேடத்துக்கு விளையாட்டுப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. அவரே வகுப்பில் சொன்னார்: "கிரவுண்டுல கிடக்கிறவ இவ்வளவு வாங்கியிருக்கா. மத்தவங்க என்ன பண்றீங்க?" மத்தவங்க என்று சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 16, சனி

மண்டலப் போட்டியில் ஜெயித்தோம். ஜெனிட்டா இருபத்திரண்டு புள்ளி. எந்தப் பந்தை எங்கே கொடுத்தாலும் எழும்பி அடிக்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒன்று அடித்தாள், எதிரணிப் பிள்ளை கையை விலக்கிக்கொண்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஜெனிட்டா காற்றில் நிற்கிறாள். படத்தின் ஓரத்தில் இரண்டு கைகள், மணிக்கட்டு வரைக்கும். அவை என்னுடையவை. அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்: "உன் மூஞ்சி எங்கட்டி?"

முழங்கால் பேடுகளைத் துவைத்துப் போட்டேன். இரண்டு செட். அவளுடையதும்தான்.

அக்டோபர் 9, திங்கள்

ஆய்வகத்தில் டைட்ரேஷன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் குழாயை மூட வேண்டும். எனக்கு இன்றைக்கும் ஒரு சொட்டு கூடிப்போய் நிறம் அடர்ந்துவிட்டது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அப்படியே. ஜெனிட்டா பக்கத்தில் நின்று, "நீ நிறம் வரட்டும்னு காத்திருக்க. வரப்போகுதுன்னு தெரியும்போதே மூடணும்" என்று சொல்லி, தான் ஒரு தடவை செய்து காட்டினாள். சரியாக நின்றது. அந்த அளவை என் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

அவள் எம்.எஸ்சி. படிக்க வேண்டுமாம். முதலில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, பிறகு தபாலில் எம்.எஸ்சி. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

பல்கலைக்கழக அணி அறிவித்தார்கள். ஜெனிட்டா கேப்டன். செட்டர் நாகர்கோவில்காரி ஒருத்தி, ஐந்தடி ஒன்பது. நான் மாற்று ஆட்டக்காரிகளிலும் இல்லை.

மெர்லின் மேடம் என்னிடம், "உயரம்தான் காரணம். மனசுல வச்சுக்காத" என்றார். உயரத்துக்கு நான் என்ன செய்ய?

ஜெனிட்டா தேர்வாளர்களிடம் போய் எனக்காகப் பேசினாளாம். நான் கேட்டேனா?

பிப்ரவரி 4, ஞாயிறு

சென்னையில் ஒரு வங்கியின் மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அழைப்பு ஜெனிட்டாவுக்கு மட்டும்தான் வந்தது. "உலகு தூக்கினாத்தான் எனக்கு அடிக்க வரும். அவளையும் பாருங்கன்னு சொல்லுங்க மேடம்" என்று மெர்லின் மேடத்தைப் பிடித்துக்கொண்டாள். நேற்று மூவரும் போனோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் நன்றாகத்தான் ஆடினேன். பயிற்சியாளர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "ஜெனிட்டாவோட ஃப்ரெண்டுதானே?" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

வங்கிப் பட்டியல் வந்துவிட்டது. இரண்டே இடம். ஒன்று ஜெனிட்டாவுக்கு, இன்னொன்று ஒரு கேரளத்துப் பெண்ணுக்கு. கீழே காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் ப. உலகம்மாள்.

நிபந்தனை ஒன்று போட்டிருக்கிறார்கள். இந்த மே மாதத்துக்குள் பட்டப்படிப்பை எல்லாப் பாடத்திலும் தேறி முடித்திருக்க வேண்டும். ஜெனிட்டா அதை வாசித்துவிட்டு, "அதெல்லாம் முடிச்சிரலாம். எனக்கு உலகு இருக்கா" என்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்று போதும் என்றேன்.

மார்ச் 1, வெள்ளி

ஜெனிட்டா அகில இந்தியப் போட்டிக்குக் கிளம்பிவிட்டாள். வடக்கே எங்கேயோ. ரயிலில் இரண்டு நாள். 13ஆம் தேதிதான் வருவாள். நடுவில் 8ஆம் தேதி எங்களுக்குச் செய்முறைத் தேர்வு. அவளுக்குத் தனியாக ஒரு தேதி கொடுப்பதாகத் துறையில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தேதி இன்னும் முடிவாகவில்லை.

அவளிடம் போன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தங்கச்சி படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டாள். அவள் அப்பா கூப்பிட்டாலும் என் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். வகுப்புக் குழுவில் என்ன வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

செய்முறைத் தேர்வு முடிந்தது. ஒரு சொட்டு கூடிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

ஞானசௌந்தரி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நாளை மறுநாள், வியாழன் காலை ஒன்பதரைக்கு ஜெனிட்டாவுக்குத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வேறொரு வேலையாக வருகிறாராம், அவரை அரைநாள் கேட்டு வாங்கியிருக்கிறார். "இதை விட்டா வேற நாள் கிடையாது. அவ வந்ததும் சொல்லிரு. மெர்லின்கிட்டயும் சொல்லிரு" என்றார். சரி மேடம் என்றேன்.

மதியம் நல்ல வெயில். சாப்பாட்டில் கீரை. மெர்லின் மேடத்தை மைதானத்தில் பார்த்தேன். சனிக்கிழமை நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்காகப் பந்தல்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய் என்ன சொல்வது?

மார்ச் 13, புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனிட்டா வந்தாள். மூன்றாம் இடம். சிறந்த தாக்குதல் ஆட்டக்காரி என்று அவளுக்குத் தனிக் கோப்பை. கறுத்துப் போயிருந்தாள். வலது தோளில் பிளாஸ்திரி. ரயிலில் நடந்த கதையெல்லாம் சொன்னாள். நாகர்கோவில் செட்டர் பற்றிச் சொல்லும்போது, "உயரமா இருந்து என்ன செய்ய, பந்து கைக்கு வரவே மாட்டேங்கு" என்றாள். குளித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவளை எழுப்புவதா? காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 14, வியாழன்

காலையில் தலைவலி. ஏழு மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். வலை கட்ட ஆள் இல்லை, நானும் வாட்ச்மேன் அண்ணனும் கட்டினோம். கோடு அடித்தோம். அங்கிருந்து நேராக நூலகம். ஒரு மணி வரைக்கும் இருந்தேன். இயற்பியல் வேதியியல் மூன்று பாடம் முடித்தேன்.

அறைக்குப் போனபோது ஜெனிட்டா அப்போதுதான் எழுந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போனோம்.

மார்ச் 15, வெள்ளி

பத்து மணிக்கு ஞானசௌந்தரி மேடம் ஜெனிட்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றவில்லை.

"ப்ராக்டிகல் நேத்தாம். ஆப்சென்ட் போட்டுட்டாங்க."

"நேத்தா? எனக்குத் தெரியாதுட்டி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதிரணி எந்தப் பக்கம் சர்வீஸ் போடப்போகிறது என்று கவனிப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"செய்முறைக்கு உடனே மறுதேர்வு கிடையாதாம். அடுத்த வருஷம் மார்ச்தானாம்."

"அப்ப வங்கி?"

"அதான்" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு மேட்ச் இருக்கு. வா, கொஞ்சம் பந்து போடு" என்றாள். ஒரு மணி நேரம் போட்டேன்.

நான் சொல்லத்தான் இருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மார்ச் 16, சனி

ஜெயித்தோம். 25-21, 22-25, 25-19, 25-17. ஜெனிட்டா முப்பத்தொரு புள்ளி. நம்பவே முடியாத ஆட்டம். தோளில் பிளாஸ்திரியோடு அடித்தாள். மூன்றாவது செட்டில் நான் பார்க்காமலே பின்னால் ஒரு பந்து தூக்கினேன், அவள் அங்கே இருந்தாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. மெர்லின் மேடம் என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டு அழுதார்.

கோப்பையோடு படம் எடுக்கும்போது ஜெனிட்டாவைக் காணோம். மைதானத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 22, திங்கள்

எழுத்துத் தேர்வுகள் முடிந்தன. ஜெனிட்டா எல்லாத் தாளும் எழுதினாள். என் நோட்டைக் கேட்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தாள். இன்று டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். "வேண்டாம், பாரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

அறை பெரிதாகிவிட்டது. சரியாகத் தூக்கம் வரவில்லை.

மே 27, திங்கள்

தேர்வு முடிவு. எனக்கு எழுபத்துமூன்று சதவீதம். ஜெனிட்டா எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் என்னைவிடக் கூடுதல். கரிம வேதியியலில் கல்லூரியிலேயே முதல். செய்முறைக்கு நேரே 'வரவில்லை'.

ஜூன் 10, திங்கள்

வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு இடம் காலியானதால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து எனக்கு. ஜூலை கடைசியில் சேர வேண்டும். அம்மா பீடித்தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "இனிமே இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லித் தெரு முழுக்கக் கடிதத்தைக் காட்டினாள். அப்பா வெளியே போய் அல்வா வாங்கிவந்தார்.

நான் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பட்டியலில் என் பெயர் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

தற்காலிகச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஞானசௌந்தரி மேடம் கையெழுத்துப் போட்டார். வாழ்த்துச் சொன்னார். நான் கிளம்பும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஜெனிட்டா இப்படிப் பண்ணிட்டாளேம்மா. மார்ச்ல உன்மேலதான் எனக்கு முதல்ல சந்தேகம். நீ அவகிட்டச் சொல்லாம விட்டுட்டியோன்னு நினைச்சேன். அப்படி இருந்தா உன்னை அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன். நல்லவேளை, அவளே ஒத்துக்கிட்டா."

"என்ன சொன்னா மேடம்?"

"'உலகு முந்தாநாளே சொன்னா மேடம். நான்தான் அசந்து தூங்கிட்டேன்'னா. எழுதியும் கொடுத்துட்டுப் போனா. அவ்வளவு மூளை இருந்து என்ன, பொறுப்பு வேண்டாமா?"

சான்றிதழை மடிக்கக் கூடாது. மடித்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஜெனிட்டாவின் ஊருக்குப் போனேன். மூன்று பஸ் மாற வேண்டும். மாதா கோவில் பக்கத்தில் பங்கு மண்டபத்தில் இருக்கிறாள் என்று தங்கச்சி கூட்டிக்கொண்டு போனாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகை அவளுக்குக் குள்ளமாக இருந்தது, குனிந்து எழுதினாள். வாரநாளில் இறால் கம்பெனியில் வேலையாம். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. சமன்பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றேன்.

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"ஆப்சென்ட் போட்டாச்சு, மாத்த முடியாதுன்னு மேடம் முதல்லயே சொல்லிட்டாங்க. உன்னை மாட்டிவிட்டா எனக்கு என்ன கிடைக்கும்? மறுநாள் ஃபைனல். நீ இல்லைன்னா ரெண்டாம் வருஷப் புள்ளதான் தூக்கும். அது தூக்கி நான் அடிக்கவா? எனக்கு அது கடைசி மேட்ச்னு அந்த ரூம்ல நிக்கும்போதே தெரிஞ்சுட்டு. அதையாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

"நான் காலையில சொல்லலாம்னு..."

"உலகு." கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்தாள். "நான் உன்கிட்டக் கேட்டேன்லா. வந்து பையைக் கீழ வைக்கிறதுக்கு முந்தியே கேட்டேன். ப்ராக்டிகல் எப்பன்னு சொன்னாங்களான்னு."

நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"வேலையை விட்டுறேன்" என்றேன். "எழுதிக் கொடுத்துட்டு விட்டுறேன்."

"விட்டா எனக்கு வருமா? அடுத்தாப்புல எவ பேரு இருக்கோ அவளுக்குப் போகும். கிறுக்கச்சி மாதிரிப் பேசாத."

உள்ளே பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டன. திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒண்ணுதான் எனக்கு விளங்கல. அன்னைக்கு மேட்ச்ல நீ எனக்குக் கொடுத்த ஒவ்வொரு பந்தும் அவ்வளவு சரியா வந்துச்சு. மூணு வருஷத்துல அப்படி நீ தூக்கினதே இல்ல. ரெண்டு நாள் முன்ன அதைச் செஞ்சிட்டு, அப்புறம் எப்படிளா அப்படித் தூக்கின?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"நாலரை பஸ் போனா ஆறு மணிக்குத்தான் அடுத்தது. கிளம்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 15, திங்கள்

மார்ச் 13ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ரயில் இருக்கிறது, கோப்பை இருக்கிறது, பிளாஸ்திரி இருக்கிறது. அவள் கேட்டது இல்லை. நான் சொன்ன பதிலும் இல்லை. இப்போது எழுதுகிறேன். "இன்னும் தேதி போடலட்டி, நீ நல்லாத் தூங்கு" என்றேன். விளக்கையும் நான்தான் அணைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வங்கியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. மதியம் வரை கவுண்ட்டர், அதன்பிறகு மைதானம். இன்று முதல்முறையாக முதல் அணியோடு ஆடவிட்டார்கள். நான் தூக்கிக் கொடுத்த நாலு பந்தை சீனியர் ரமணி அக்காவால் தொடவே முடியவில்லை. ஐந்தாவதையும் விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, ஒவ்வொண்ணும் அரை அடி மேல போகுது? இவ்வளவு உசரத்துல யார் அடிப்பா? யாருக்குத் தூக்கிப் பழகின?"

"காலேஜ்ல ஒருத்தி, அக்கா."

"அவ எங்க இப்போ? எந்த டீம்?"

ஆடுவதில்லை என்றேன்.

"அப்ப மறந்துரு. கையைக் கீழ இறக்கு" என்றார் பயிற்சியாளர்.

இறக்கினேன். அடுத்த பந்தை ரமணி அக்கா அடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.